ஈரம் பார்க்கும் வேலை

பொங்கல் வாழ்த்து அட்டை செய்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும்தான் பருவம். சென்னையில் மழைக்கும் அதுதான் பருவம். எங்கள் தொழிலின் பாடெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மை ஈரமாக இருக்க வேண்டும், காகிதம் காய்ந்திருக்க வேண்டும். மை காய்ந்துவிட்டால் அதன்மேல் தூவுகிற, சூட்டில் உருகி எழுத்தை மேடாக்குகிற எம்போசிங் பவுடர் பிடிக்காது. காகிதத்தில் ஈரம் ஏறிவிட்டாலோ மை படாத இடத்திலும் பவுடர் ஒட்டிக்கொள்ளும். சூடு காட்டியதும் அட்டை முழுக்க மணல் மணலாகப் பொரிந்து நிற்கும். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. வாழ்த்து அட்டை என்றதும் எல்லோரும் படத்தைப் பற்றியும் வாசகத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். ஈரத்தைக் கணிக்கத் தெரிந்த கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தொழிலுக்கு வந்தது 1983-இல், திருவல்லிக்கேணியில் சித்தப்பா வைத்திருந்த அச்சகத்தில். ஒரு ட்ரெடில் மெஷின், ஈய எழுத்துக் கேஸ்கள், இரண்டு கம்பாசிட்டர்கள், எப்போதும் மண்ணெண்ணெய் வாடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், கருமாதிப் பத்திரிகை என்று வருடம் ஓடும். கார்த்திகை பிறந்தால் பொங்கல் அட்டை. படத்தை நாங்கள் அச்சடிப்பதில்லை. சிவகாசியிலிருந்து வண்ணப் படம் அச்சான அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். உள்பக்கம் காலியாக இருக்கும். அதில் அனுப்புகிறவர் பெயரையும் ஊரையும் அடித்துக் கொடுப்பது எங்களைப் போன்ற சின்ன பிரஸ்களின் வேலை. கல்யாணப் பத்திரிகை இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது. ஆல்பத்தைப் புரட்டி அட்டையைத் தேர்ந்தெடுப்பார்கள். அட்டை ஒரு ஊரில் ஆனது, எழுத்து வேறொரு தெருவில் அச்சாகும். வாங்குகிறவருக்கு இது தெரியாது.

தீப்பெட்டி லேபிளுக்காகச் சிவகாசிக்கு வந்த அச்சு, காலண்டர், வாழ்த்து அட்டை என்று விரிந்தது. கோவில்பட்டி கொண்டையராஜூவும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டர் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த காலம் அது. அதே பாணியில் வரைந்த லட்சுமியும் முருகனும் பொங்கல் அட்டையிலும் வருவார்கள். பொங்கல் பானை, கரும்பு, இரட்டை மாடு பூட்டிய ஏர், பின்னால் உதிக்கிற சூரியன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடிகர் படம் போட்ட சின்ன அட்டைகள், நாலணாவுக்கும் எட்டணாவுக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியிருந்த பேச்சிலர்கள்தான் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். அப்பா அம்மாவுக்குச் சாமி படம், சிநேகிதனுக்கு ரஜினி அல்லது கமல், மேலதிகாரிக்குப் படமே இல்லாத அட்டை. அந்த மூன்றாவது ரகத்தில்தான் எம்போசிங் இருக்கும். உறையை ஒட்டாமல் வாயை மடித்து உள்ளே செருகிவிட்டால் புக் போஸ்ட்டில் குறைந்த தபால்தலையில் போய்விடும். அதற்காகவே உறைகளைக் கோந்து தடவாமல் வாங்குவோம்.

சித்தப்பா எம்போசிங் செய்த விதத்தை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். ஹீட் கன் கிடையாது, தெர்மோகிராஃபி மெஷின் பெரிய பிரஸ்களில் மட்டும். எங்களிடம் இருந்தது கம்பிச்சுருள் வைத்த ஒரு மின்சார அடுப்பு, ஒரு அலுமினியத் தட்டு, பிளாக் துடைக்கிற பிரஷ். ட்ரெடிலிலிருந்து அட்டை வந்த மாத்திரத்தில், மை பளபளவென்று இருக்கும்போதே, தட்டிலுள்ள பவுடருக்குள் அதை மூழ்கடித்து எடுத்து, ஒரு விளிம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தட்ட வேண்டும். ஒட்டாதது தட்டிலேயே விழுந்துவிடும். ஓரங்களில் ஒட்டியிருப்பதைப் பிரஷால் விலக்கிவிட்டு, அட்டையை அடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் படுக்க வைத்தபடி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு மூலையில் எழுத்தின் சொரசொரப்பு நெய் உருகுவதுபோல இளகி, பளபளப்பு அப்படியே நகர்ந்து போகும். அது கடைசி எழுத்தைத் தொட்ட கணத்தில் அட்டையை விலக்கிவிட வேண்டும். அதற்கு மேல் சூடு காட்டினால் உருகிய பவுடர் காகிதத்துக்குள் இறங்கி மேடு அமுங்கிவிடும்; எழுத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வளையம் கட்டும்.

சூடு கீழிருந்து வர வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். மேலிருந்து காட்டினால் பவுடர் பறக்கும், மேல்தோல் மட்டும் உருகும். அட்டையின் முதுகு சூடாகி அந்தச் சூடு மைக்கு ஏறினால் பவுடர் வேர் பிடித்து நிற்கும். இன்றும் ஹீட் கன்னைக் கையில் எடுக்கிறவர்களிடம், முதலில் பின்பக்கம் காட்டு, கடைசியில் ஒரு நொடி முன்பக்கம் காட்டு என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பாடம் 2015 டிசம்பரில் எங்களைக் காப்பாற்றியது. சென்னை வெள்ளத்தின்போது மின்சாரம் இல்லாமல் போனது. ஹீட் கன் ஓடாது. புத்தாண்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்டைகள் பாதியில் நின்றன. எதிர்த் திண்ணையில் இஸ்திரி போடுகிறவரிடம் கரிப் பெட்டி இருந்தது. துணி வராத நேரத்தில் அதை வாங்கி, நனைத்த செங்கல் மேல் கவிழ்த்து நிறுத்தி, அதன் தட்டையான அடிப்பாகம் மேலே பார்க்கும்படி வைக்கலாமா என்று யோசித்தோம். கரி கொட்டும் என்றார் அவர். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இரும்புச் சப்பாத்திக்கல்லைப் பெட்டிக்கு அடியில் சூடேற்றி எடுத்து, அதன் முதுகின் மேல் அட்டையைப் பிடித்தோம். மின்சார அடுப்பைவிடச் சூடு சீராக வந்தது. "என்னக்கா, இதுக்கு எதுக்கு கரண்ட்டு?" என்று அவர் கேட்டார்.

தங்க நிறம்தான் எல்லோரும் கேட்பது. அந்தக் காலத்தில் அதற்கு இரண்டு வழி. ஒட்டும் வார்னிஷில் அச்சடித்து அதன்மேல் பித்தளைத் தூளைப் பஞ்சால் தடவுவது ஒன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த மிக நுண்ணிய தூள். காற்றில் மிதந்தபடியே இருக்கும். சித்தப்பா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளாமல் யாரையும் அந்த மேஜைக்கு அருகில் விடமாட்டார். இன்னொன்று எம்போசிங் பவுடரிலேயே தங்கத்தூள் கலந்தது. இரண்டுமே கருக்கும். ஒரு முறை விநியோகஸ்தர் ஒருவர் விலை குறைவு என்று கொடுத்த தங்கப் பவுடர், கல்யாணப் பத்திரிகைகள் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பச்சையோடிப் போனது. பிள்ளை வீட்டார் வந்து சண்டை பிடித்தார்கள். முழுவதையும் சித்தப்பா தன் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தத் தங்கப் பவுடர் வந்தாலும், மாதிரி அட்டை ஒன்றில் உருக்கி, உப்புத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் ஜன்னலில் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலைக்கு எடுப்பது என்று ஆயிற்று. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எப்படிச் சோதிப்பது?

சொந்தமாக அட்டை செய்யும் ஆசை எனக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற பாயிடமிருந்து வந்தது. பெரிய மசூதிப் பக்கம் ஒரு சந்தில் அவர் கடை. எழுத்தைக் கோத்து, அதன்மேல் பதமான கலவையை அழுத்தி அச்சு எடுத்து, அந்த அச்சில் ரப்பர் தகடை வைத்து அமுக்கி வேகவைப்பார். கந்தகம் கருகுகிற வாடை தெருமுனை வரை வரும். அரசு முத்திரைகளும் கடை முத்திரைகளும்தான் அவருக்குச் சோறு. நான் ஒரு சிக்குக் கோலத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். நான்கு புள்ளி நான்கு வரிசை. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோலம் தரையில போடுறப்ப மாவு பரவ இடம் இருக்கும்மா. இங்க மை பரவும், அப்புறம் பவுடர் உருகிப் பரவும். ரெண்டு தடவ பரவுறதுக்கு இடம் விட்டு வரைஞ்சுட்டு வா" என்றார். வளைவுகள் ஒன்றையொன்று தாண்டுகிற இடங்களில் நூல் அளவு இடைவெளி விட்டு மறுபடி வரைந்தேன். அந்த ஸ்டாம்ப் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரப்பர் இறுகிவிட்டதால் வேலைக்கு ஆகாது.

ஸ்டாம்ப் பேடிலும் அவர்தான் வழி காட்டினார். ஆபீஸ் ஸ்டாம்ப் மை நொடியில் காய்ந்துவிடும், காய வேண்டும் என்பதற்காகவே செய்தது. எங்களுக்கு அது உதவாது. கிளிசரின் சேர்த்தால் மை ஈரமாகவே நிற்கும், அதிகமாகிவிட்டால் வழியும். எவ்வளவு என்பது மழை பெய்கிறதா, வெயிலா என்பதைப் பொறுத்தது. சித்திரையில் சேர்க்கிற அளவில் பாதிகூடக் கார்த்திகையில் வேண்டாம். இதற்கெல்லாம் எழுதிவைத்த கணக்கு கிடையாது. பேடில் விரலை வைத்து எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தால் ஒட்டிப் பிரிகிற சத்தத்தில் தெரியும்.

காகிதத்துக்கு வருகிறேன். இங்குதான் அதிகம் சொல்ல இருக்கிறது. ஆண்டர்சன் தெருவில் கிடைக்காத காகிதம் இல்லை என்பார்கள். கைச்செய் காகிதம் மட்டும் புதுச்சேரியிலிருந்து வந்தால்தான் எனக்குத் திருப்தி. அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பட்டறை 1959-இல் தொடங்கியது. நான் முதலில் அந்த ஊருக்குப் போனது தாள் பார்க்க அல்ல, உறவில் ஒரு கல்யாணத்துக்கு. போன இடத்தில் பட்டறையைப் பார்த்தேன். பனியன் துணி வெட்டிய துண்டுகளை நொறுக்கிக் கூழாக்கி, தொட்டியில் கலக்கி, சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்து இரண்டு பக்கமும் ஆட்டுகிறார்கள். அந்த ஆட்டத்தில் நார்கள் எல்லாத் திசையிலும் படிகின்றன. மெஷின் காகிதத்தில் நார் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசைக்குக் குறுக்கே மடித்தால் வெடிக்கும். இந்தப் பஞ்சுக் காகிதத்தை எந்தப் பக்கம் மடித்தாலும், எந்த இடத்தில் அமுக்கி மேடாக்கினாலும் கிழியாமல் இழுபட்டுக் கொடுக்கும்.

கிராமக் கைத்தொழில்களுக்காக வாழ்ந்த ஜே.சி.குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாக, கைச்செய் காகிதத்தை மறுபடி நிற்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ராஜஸ்தானில் சாங்கானேரில் உள்ள கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயர்தான். நம்மூரில் வாழ்த்து அட்டை செய்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிவதில்லை. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் கையில் இருக்கிற தாள் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

கைக்காகிதம் வந்ததும் நான் செய்கிற முதல் காரியம், ஒரு மூலையை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது. நாக்கில் பிடித்து இழுத்தால் அந்தத் தாளில் பசை போதவில்லை. மை விழுந்த இடத்தில் வேர்விட்டுப் பரவும். நாக்கில் ஒட்டாமல் நழுவினால் பசை சரியாக ஏறியிருக்கிறது. கல்லூரியில் ஓவியம் படித்த பெண்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களும் செய்வார்கள்.

மழைக்காலத்தில் இதே தாள் குடித்துக்கொண்டே இருக்கும். பழைய இரும்புப் பீரோ ஒன்றின் அடித்தட்டில் இரண்டு குண்டு பல்புகளைப் பொருத்தி, மேல்தட்டுகளுக்குத் துளை போட்டு, தாள்களை அதில்தான் அடுக்கி வைத்தோம். தேவையான அளவை மட்டும் எடுத்து உடனே வேலை செய்ய வேண்டும். அப்படியும் ஈரம் ஏறினால் கைக்குட்டையில் முகப் பவுடரைக் கொட்டி முடிச்சாகக் கட்டி, அட்டை மேல் லேசாக ஒற்றி, பிறகு ஸ்டாம்ப் குத்துவோம். அந்த மெல்லிய தூள் எம்போசிங் பவுடரைக் கண்ட இடத்தில் ஒட்டவிடாது. குண்டு பல்பு கடைகளிலிருந்து மறைந்துகொண்டு வருகிறது. எல்.ஈ.டி.யில் அந்தச் சூடு இல்லை. பல்பு கிடைக்கிறபோது வாங்கிச் சேர்த்து வைக்கிறேன்.

நிறத்தில் நான் கற்றது கடைவாசல்களில். பெட்டிக்கடைகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். மேற்கு பார்த்த கடையாக இருந்தால் மாசி பங்குனிக்குள் மிச்ச அட்டைகளில் மஞ்சளும் சிவப்பும் வெளுத்து, லட்சுமி நீலமாக நிற்பாள். சாய மை வெயிலுக்குத் தாங்காது, அதிலும் ரோஜா நிறம் முதலில் போகும். நிறமித்தூள் கலந்த பிக்மென்ட் மை நிற்கும்; அது மெதுவாகக் காய்வதால் பவுடர் தூவவும் நேரம் கொடுக்கும். ஆகவே என் அட்டைகளில் எம்போசிங் வரும் இடமெல்லாம் பிக்மென்ட் மை, தண்ணீர் தெளித்துக் கலங்க விடுகிற பின்னணிக்கு மட்டும் சாய மை. மேலே தூவுவது நிறமற்ற பவுடர். கண்ணாடியாக உருகி அடியிலுள்ள குங்குமச் சிவப்பை இன்னும் ஆழமாகக் காட்டும். என்னிடம் தங்கமும் வெள்ளையும் மட்டும்தான் பவுடரிலேயே நிறம் உள்ளவை. கறுப்புத் தாளில் வெள்ளைப் பவுடரில் கோலம் போட்டால் மார்கழி வாசல் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். நான் அதிகம் விற்றது அந்த அட்டையைத்தான்.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. 1979-இல் தொடங்கிய ஆர்ச்சீஸின் அட்டைகள் ஊரெங்கும் வந்தன. இதயங்கள், கரடிப் பொம்மை, திறந்தால் பாடும் அட்டை. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு அட்டைக்குக் கொடுத்த விலையைப் பார்த்தபோதுதான் அட்டையை ஒரு பரிசாகவே வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று புரிந்தது. யூனிசெஃபும் க்ரை (CRY) அமைப்பும் நிதிக்காக விற்ற அட்டைகளை அலுவலகங்கள் புத்தாண்டுக்கு மொத்தமாக வாங்கின. கைச்செய் அட்டைக்கும் அந்த அலுவலகங்கள்தான் கதவைத் திறந்தன. சித்தப்பா காலமான பிறகு ட்ரெடிலை விற்றுவிட்டு, அந்த இடத்தில் நீள மேஜை போட்டு, பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

அப்புறம் எஸ்.எம்.எஸ். வந்தது. அட்டைத் தொழிலைச் செல்போன் கொன்றுவிட்டது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது வேறு. போன் வருவதற்கு முன்பே பொங்கல் அட்டை மெலிந்துகொண்டு வந்தது. ஒரே சூரியன், ஒரே பானை, ஒரே வாசகம். விலையைக் குறைக்கக் காகிதத்தின் கனத்தைக் குறைத்தார்கள், மையைத் தண்ணியாக்கினார்கள். உறையைப் பிரித்ததும் கையில் ஒன்றுமே இல்லாத அட்டையை, கையில் ஒன்றுமே இல்லாத செய்தி வெல்வது எளிது. அந்த நாலணா அட்டையை விற்ற மொத்த வியாபாரிகள் பலர் கல்யாணப் பத்திரிகைக்குப் போனார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். 2005 வாக்கில் எங்கள் தெருவில் பொங்கலுக்கு அட்டை தொங்கவிட்ட கடை ஒன்றுகூட இல்லை. எனக்கும் வேலை சுருங்கியது. கல்யாணப் பத்திரிகைக்கு மேடெழுத்து எம்போசிங் செய்து கொடுத்துத்தான் அந்த வருடங்களை ஓட்டினேன்.

அந்த நாட்களில் வந்தவர்தான் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். மனைவிக்கும் பார்வை கிடையாது. திருமண நாளுக்கு ஒரு அட்டை வேண்டும் என்றார். மேஜையிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். கறுப்பில் வெள்ளைக் கோலத்தை விரல்களால் இரண்டு தடவை சுற்றிவிட்டுக் கீழே வைத்தார். "மேடம், இதுல நிறைய கோடு இருக்குன்னு தெரியுது. என்னன்னு தெரியல" என்றார்.

நான் கேட்கக் கேட்கப் பொறுமையாக விளக்கினார். பவுடர் உருகி எழும் மேடு வழவழப்பாக, ஓரம் சரிந்து இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு கோட்டுக்கு நடுவில் இடைவெளி குறைந்தால் விரல் நுனிக்கு அது ஒரே கோடு. பிரெயில் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது இதனால்தான். புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர். பையிலிருந்து பிரெயில் சிலேட்டையும் ஊசியையும் எடுத்தார். தாளைச் சட்டத்துக்குள் செருகி, பின்பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போனார். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக நின்றன, இடமிருந்து வலமாகப் படிக்கலாம். அவர் மனைவியின் பெயர்.

நானும் பின்பக்கத்திலிருந்துதான் வேலை செய்கிறவள். மையில்லாத எம்போசிங் அப்படித்தான்: பித்தளைத் தகட்டில் உருவத்தை வெட்டி, அதன்மேல் தாளைக் கவிழ்த்து, கீழே விளக்கு வைத்து, உருண்டை முனைக் குச்சியால் ஓரத்தைத் தேய்த்தால் முன்பக்கம் மேடு எழும். குச்சி வழுக்க மெழுகுவர்த்தியைத் தாளில் லேசாகத் தேய்த்துக்கொள்வோம். அந்த மேட்டுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். கோலத்தைப் பெரிதாக்கி, கோடுகளைக் குறைத்து, ஒரே ஒரு தாமரையைத் தடித்த பஞ்சுக் காகிதத்தில் பின்பக்கமாகத் தேய்த்துக் கொடுத்தேன். தாளை மூச்சுக்காற்று அளவுக்கு ஈரப்படுத்தினால் நார் நன்றாக இழுபடுகிறது. பவுடர் வேலையில் நான் காலமெல்லாம் விரட்டிய ஈரம் இங்கே தேவைப்பட்டது. அவர் விரலை வைத்து, இதழ்களை எண்ணினார். எட்டு. சரி. கீழே வாசகத்தைத் தானே ஊசியால் எழுதினார், தமிழில். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951 முதல் இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் தன் நண்பர்களிடம் சொன்னார். அவர்கள் பள்ளிகளில் சொன்னார்கள். தபாலில் அனுப்பத் தொடங்கியபோது புதிய சிக்கல். பிரெயில் எழுத்துகளுக்குத் தபால் கட்டணம் கிடையாது, அது நல்ல சலுகை. ஆனால் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேகத்தில் மேடெல்லாம் சப்பையாகிவிடும். தபால்காரர்கள் வருத்தத்தோடுதான் கேட்டார்கள், என்ன செய்யலாம் என்று. மேட்டு வேலையை அட்டையின் இடது கீழ்ப்பகுதிக்கு இறக்கினோம். முத்திரை விழும் வலது மேல் மூலைக்குள் எதுவும் வராது. உறைக்குள் அட்டையின் முகத்துக்கு எதிரே, மேடு வரும் இடத்தில் ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை ஒன்றைச் சேர்த்தோம். மேடு அந்த ஜன்னலுக்குள் பத்திரமாக இருக்கும். இப்போது எல்லா எம்போசிங் அட்டைகளையும் அப்படியேதான் அனுப்புகிறேன்.

2010-க்குப் பிறகு கைவினைப் பொருள் கடைகள் பெருகின. ஹீட் கன், பாலிமர் ஸ்டாம்ப், விதவிதமான பவுடர், தாளை வெட்டி அமுக்குகிற கைமெஷின், எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. வீட்டிலிருக்கும் பெண்கள் யூடியூபில் பார்த்துச் செய்கிறார்கள். வகுப்பு எடுக்கச் சொல்லி என்னையும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். அவர்கள் வேலையில் இருக்கிற சுத்தம் எங்களுக்கு அந்த வயதில் கிடையாது. குறை என்று சொன்னால், ஸ்டாம்ப்களில் உள்ள பூ எதுவும் நம்மூர்ப் பூ இல்லை. பனி மூடிய ஊசியிலை மரத்தைப் பொங்கல் அட்டையில் குத்துகிறார்கள். ஆவாரம்பூவை வரை, பூளைப்பூவைக் காப்புக்கட்டில் பார்த்திருப்பாயே அதை வரை, லினோவில் நீயே செதுக்கு என்று சொல்கிறேன். செதுக்கத் தொடங்கியவர்களின் அட்டை அதற்கப்புறம் வேறு யார் அட்டையாகவும் தெரிவதில்லை.

விலை சொல்லும்போது எல்லாப் பெண்களும் தடுமாறுகிறார்கள். தாள், மை, பவுடர் செலவைக் கூட்டி, தன் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள் என்று அரை விலைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் தொழிலை விட்டுவிடுகிறார்கள். காயவைத்த நேரமும் கூலிதான். மழையில் வீணான தாளும் கணக்கில் வர வேண்டும். இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். எத்தனையோ நல்ல கைகள் இந்த ஒரு காரணத்தால் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் அந்த ஆசிரியரின் பழைய மாணவி ஒருத்தி ஆர்டர் கொடுத்திருக்கிறாள். அவளும் இப்போது ஆசிரியை. கோலத்தைக் கோடில்லாமல் வெறும் புள்ளியாகக் கொடுங்கள், பிள்ளைகளே ஊசியால் கோட்டை இழுத்துக்கொள்வார்கள் என்கிறாள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு வளைந்து போக இடம் வேண்டும், அந்தக் கோடும் விரலுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். பத்து மில்லிமீட்டர் விட்டு வெட்டிய தகட்டை அவளிடம் அனுப்பினோம். போதவில்லை, பிள்ளைகள் விரல் சிறியதுதான் ஆனால் ஊசி ஓடுகிற வழி அகலமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பன்னிரண்டில் மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறோம். ஐந்து புள்ளிக் கோலம் முதலில், அது சரிப்பட்டால் ஏழு.